செந்தூல் பள்ளியின் சாதனைப் பலகை: கெஜக் கணக்கில் ஓடியவர்களின் பெயர்களை நீக்கலாமா?

கேள்வி: செந்தூல் மகள்

அனைவருக்கும் வணக்கம். விளையாட்டுத் துறையையும் பழைய பள்ளிகளின் வரலாற்றையும் அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால், என் மனத்தை வாட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

நான் கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் என் தந்தையும் படித்தார், நானும் படித்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அங்குள்ளவர்கள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்தப் பள்ளியின் மண்டபத்தில், மேடைக்கு இடப்புறச் சுவரில், கரும்பழுப்பு வார்னிஷ் பூசிய மரப்பலகை ஒன்று நெடுங்காலமாகத் தொங்கியது. ஆண்டுப் போட்டி விளையாட்டில் சாதனை படைத்தவரின் பெயர், ஆண்டு, விளையாட்டு இல்லம் (மாணவர் அணி), நேரம் அல்லது தூரம் ஆகியவை அதில் பொன்னிறச் சாயத்தால் கையால் எழுதப்பட்டிருக்கும். கீழ்ப்பகுதியைக் கரையான் அரித்து இரண்டு வரிகள் உதிர்ந்துவிட்டன. மேலிருந்து ஆறாவது வரியில் என் தந்தையின் பெயர் இருக்கிறது: முதல் பிரிவு ஆண்கள், 440 கெஜம், 1967, 52.4 வினாடி.

என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறைத் தொழிலாளி. அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்து, இடைநிலைப்பள்ளிக்குத் தயார்ப்படுத்தும் ரிமூவ் வகுப்பில் ஓராண்டு இருந்து, அதன் பிறகே இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் சேர்ந்தவர். அந்தப் போட்டியில் காலணி இல்லாமல் ஓடியதாகவும், வளைவில் சுண்ணாம்புக் கோட்டை மிதித்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்புடன் ஓடியதாகவும் சொல்வார்.

இப்போது மண்டபத்தைப் புதுப்பிக்கிறார்கள். பழைய பலகையைக் கழற்றிப் பொருளறையில் வைத்துவிட்டார்கள். புதிய பலகையில் 1976 முதலான சாதனைகள் மட்டுமே இடம்பெறும் என்று விழாக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு அவர்கள் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். பழைய சாதனைகள் கெஜத்தில் உள்ளன என்பது ஒன்று. படிவம் ஒன்று ஆங்கிலத்திலிருந்து தேசிய மொழியான மலாய்க்கு மாறி, பள்ளி இன்றைய பெயரைப் பெற்றது 1976இல்தான் என்பது இன்னொன்று. பழைய தலைமையாசிரியர்களின் பெயரைத் தாங்கிய விளையாட்டு இல்லங்கள் இன்று இல்லை, அவற்றின் இடத்தில் துவா, ஜெபாட் போன்ற பழைய மலாய் வீரர்களின் பெயர்களே உள்ளன என்பது மூன்றாவது. இதன்படி, 400 மீட்டரில் பள்ளிச் சாதனையாக 1983இல் ஒரு மாணவர் ஓடிய 52.6 வினாடி பலகையில் ஏறும்.

இந்த மூன்று காரணங்களும் நியாயமானவையா? கெஜத்தில் உள்ள சாதனையை மீட்டர் பட்டியலில் சேர்ப்பதற்கு முறையான வழி இருக்கிறதா? அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்பதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பதில் 1: ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், செத்தாபாக்

வணக்கம் அம்மா. உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகள் பள்ளித் திடல்களில் சுண்ணாம்புக் கோடு போட்டவன் என்ற முறையில் முதல் காரணத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். அதற்கு எந்தக் கணக்கு மாற்றமும் தேவையில்லை என்பதை விழாக் குழு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

440 கெஜம் என்பது 402.34 மீட்டர். அதாவது உங்கள் தந்தை 400 மீட்டரைவிட 2.34 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறார். கூடுதல் தூரத்தை 52.4 வினாடியில் ஓடியவர், குறைந்த தூரத்தை 52.6 வினாடியில் ஓடியவரைவிட வேகமானவர் என்பதற்குச் சூத்திரம் எதற்கு? பொதுவாக 440 கெஜ நேரத்தில் 0.3 வினாடியைக் கழித்து 400 மீட்டருக்கு ஒப்பிடுவார்கள். அப்படிப் பார்த்தால் அது 52.1 ஆகும். ஆனால் அந்த 52.1ஐப் பலகையில் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது யாரும் ஓடாத நேரம். ஓடிய தூரத்தையும் எடுத்த நேரத்தையும் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் '402.34 மீ.' என்று சிறிய எழுத்தில் குறித்தால் போதும்.

எல்லாப் போட்டிகளுக்கும் இது இவ்வளவு எளிதாக அமையாது. 220 கெஜம் 201.17 மீட்டர் என்பதால் அங்கும் இதே வாதம் பொருந்தும். 100 கெஜமோ 91.44 மீட்டர்தான், அதை 100 மீட்டருடன் ஒரே வரிசையில் வைப்பது தவறு, அதற்குத் தனி வரி வேண்டும். ஒரு மைல் 1609 மீட்டருக்கு மேல், 1500 மீட்டருடன் ஒட்டாது. அதற்கும் தனி வரிதான்.

நீங்கள் எழுதிய நேரத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். முடிந்தால் பலகையிலுள்ள மற்ற ஓட்டங்களின் நேரங்களையும் பாருங்கள். அறுபதுகளின் சாதனைகளில் புள்ளிக்குப் பின்னால் 2, 4, 6, 8 அல்லது 0 மட்டுமே வந்தால், அக்காலத்தில் பள்ளிகளில் பரவலாக இருந்த, வினாடியை ஐந்தாகப் பிரிக்கும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்திருக்கிறார்கள் என்று பொருள். முள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் கூடுதலான நேரத்தையே எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே கடிகாரத்தின் முள் உண்மையில் 52.4க்குச் சற்று முன்பாகவும் நின்றிருக்கலாம்; அதைத் தாண்டி நின்றிருந்தால் 52.4 என்று எழுதியிருக்க மாட்டார்கள். மூன்று கடிகாரங்கள் பிடித்திருந்தால், இரண்டு ஒத்துப்போன நேரத்தையும், மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ள நேரத்தையும் எடுப்பார்கள்.

பதில் 2: விழாக் குழு அனுபவம் உள்ளவர், கெப்போங்

மாற்றுக் கருத்தையும் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் வட்டாரப் பள்ளியில் இதே போன்ற குழுவில் இருந்திருக்கிறேன். குழுவினர் யாரையும் அவமதிக்க எண்ணி இப்படி முடிவெடுப்பதில்லை. பலகையின் முதல் பயன், இன்று அங்கே படிக்கும் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, தான் முறியடிக்க வேண்டிய எண் எது என்று தெரிந்துகொள்வதுதான். 440 கெஜம் என்ற சொல்லே அந்தப் பிள்ளைக்கு விளங்காது.

மேலும், அன்றைய புல்திடல் சரியாக அளக்கப்பட்டதா என்பதற்கு என்ன உறுதி? பல பள்ளிகளில் திடலின் பாதியில் இன்று கட்டடம் நிற்கிறது. திரும்ப அளக்கவும் முடியாது. உலகத் தடகளச் சம்மேளனமே 1976இல் ஒரு மைலைத் தவிர மற்ற கெஜ ஓட்டங்களுக்கான உலகச் சாதனைப் பட்டியலைக் கைவிட்டது. பள்ளி அதைப் பின்பற்றுவதில் என்ன தவறு?

பதில் 3: ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், செத்தாபாக்

ஐயா எழுப்பிய ஐயம் முறையானது. அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

முதலில் திடல் அளவு. பள்ளிகளில் நடந்த தவறு எது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். விளிம்புக் கட்டை இல்லாத புல்திடலில், உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே உள்ள வழியைத்தான் ஓட்டத்தின் தூரமாக அளக்க வேண்டும். பலர் அவசரத்தில் கோட்டின் மீதே நாடாவைப் பிடித்து அளந்துவிடுவார்கள். அப்படி அளந்தால் ஓடுபவர் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 1.26 மீட்டர் கூடுதலாகவே ஓட நேரும். அவருக்குப் பாதகமே தவிர ஆதாயம் இல்லை.

வளைவில் வெளித்தடங்களின் தூரம் கூடுவதால், அவற்றின் தொடக்கக் கோட்டைச் சற்று முன்னே தள்ளிப் போடுவோம்; அந்த முன்னேற்றத்தில்தான் தவறு ஆபத்தானது. ஒரு தடத்தின் தொடக்கக் கோட்டுக்கும் அடுத்த தடத்தின் தொடக்கக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி, திடல் பெரியதா சிறியதா என்பதைப் பொறுத்ததன்று, தடத்தின் அகலத்தை மட்டுமே பொறுத்தது. 1.22 மீட்டர் அகலமுள்ள தடங்களில் ஒரு முழுச் சுற்றுக்கு 7.67 மீட்டர் முன்னேற்றம் தர வேண்டும். என் பணியின் முதல் ஆண்டில், வேறு திடலுக்குப் போட்ட கணக்கு இங்கே செல்லாது என்று எண்ணி நானே அதைக் குறைத்துப் போட்டு, வெளித்தடத்தில் ஓடிய ஒரு பையனுக்கு அநியாயம் செய்திருக்கிறேன். அன்று மாலை தலைமை நடுவர் என்னை அழைத்துக்கொண்டு போய், வெயிலில் நின்று, தடம் தடமாக நாடாவைப் பிடித்துக் காட்டினார். அந்தப் பையனின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. ஆகவே உங்கள் தந்தை எந்தத் தடத்தில் ஓடினார் என்று கேளுங்கள் அம்மா. உள்தடமென்றால் இந்த ஐயத்துக்கே இடமில்லை.

அடுத்து உலகச் சம்மேளனத்தின் முடிவு. இனிமேல் கெஜ ஓட்டங்களில் உலகச் சாதனையை ஏற்பதில்லை என்பதே அதன் பொருள். முன்பு ஓடியவர்கள் ஓடவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே பாருங்கள். டாக்டர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் நின்றது. காலம் பழையதாகிவிட்டது, ஓடுபாதை மாறிவிட்டது என்று சொல்லி யாரும் அதைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஓடி முறியடிக்கும் ஒருவருக்காக அது காத்திருந்தது. பி. ராஜ்குமார் 1985இல் ஜக்கார்த்தாவில் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 வினாடியில் ஓடியதை இன்றும் பயிற்றுநர்கள் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள்.

பதில் 4: கிரீன் லேன் வாசகர், பினாங்கு

வணக்கம் சகோதரி. இரண்டாம் காரணத்துக்குப் பினாங்கிலிருந்து ஒரு பதில்.

பெயரும் பயிற்றுமொழியும் மாறிய நாளிலிருந்துதான் பள்ளியின் வரலாறு தொடங்கும் என்றால், பினாங்கு பிரீ ஸ்கூல் தன் வயதை எப்படிக் கணக்கிடும்? அது 1816 அக்டோபர் 21இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியால் தொடங்கியது. நகருக்குள் ஃபர்குவார் சாலையில் இருந்த பள்ளி, 1928இல் அன்றைய புறநகரான கிரீன் லேனுக்கு இடம் மாறியது. ஃபர்குவார் சாலைக் கட்டடத்தின் ஒரு பாதி போரின்போது குண்டுவீச்சில் அழிந்தது; எஞ்சிய பாதியில்தான் மாநில அருங்காட்சியகம் அமைந்தது. இடம் மாறியது, கட்டடம் போயிற்று, பயிற்றுமொழி மாறியது. ஆனாலும் 2016இல் பள்ளி தன் இருநூறாம் ஆண்டைத்தான் கொண்டாடியது. 1928இலிருந்தோ, தேசிய மொழிக்கு மாறியதிலிருந்தோ அது எண்ணத் தொடங்கவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. அந்தப் பள்ளியில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் நாமும் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம். அந்த வகுப்பு அதே வடிவில் இன்றுவரை நடக்கவில்லை என்பதற்காக நாம் அந்த ஆண்டை விட்டுக்கொடுக்கவில்லை.

பயிற்றுமொழி மாற்றம் ஒரே நாளில் நடந்ததும் அன்று. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1976இல் படிவம் ஒன்றையும் 1980இல் படிவம் ஐந்தையும் எட்டியது. ஆகவே 1976இல் உங்கள் பள்ளியில் படிவம் இரண்டு முதல் ஐந்து வரை இருந்த மாணவர்கள் ஆங்கிலத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வாண்டுப் போட்டி விளையாட்டில் முதல் பிரிவில் வென்றவர்களும் அவர்களே. அவர்களைச் சேர்த்துக்கொண்டு 1967இல் ஓடியவரை விலக்குவதற்கு எந்த அடிப்படையும் எனக்குத் தெரியவில்லை.

இல்லங்களின் பெயர் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஓர் இல்லத்துக்கு, பள்ளி உருவாகக் காரணமானவர்களுள் ஒருவரான தம்புசாமிப் பிள்ளையின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயரை வைத்துக்கொண்ட பள்ளிகளும் உண்டு, மாற்றிய பள்ளிகளும் உண்டு. மாற்றியிருந்தால், ஓடிய நாளில் இருந்த பெயரை அப்படியே எழுதிவிட வேண்டியதுதான்.

பதில் 5: நூறு கெஜம்

தம்பிமாரும் ஐயாமாரும் எழுதியதைப் படித்த பிறகு, நானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கோலாலம்பூர்ப் புறநகர்ப் பள்ளி ஒன்றில் அறுபதுகளில் 100 கெஜமும் அஞ்சல் ஓட்டமும் ஓடியவள்.

மகளே, உங்கள் பழைய பலகையில் பெண்களுக்கான வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் ஆண்களின் சாதனை மரப்பலகையில் ஏறியது. பெண்களின் சாதனை தட்டச்சு செய்த தாளாக அறிவிப்புப் பலகையில் நான்கு ஊசிகளால் குத்தப்பட்டது. மழைச் சாரலில் மை கரைந்தபோது அடுத்த ஆண்டு வேறு தாள் வந்தது. அதில் என் பெயர் விடுபட்டுப் போயிற்று. கேட்பதற்கு அன்று எனக்குத் துணிவில்லை, வீட்டிலும் கேட்பார் இல்லை.

பெண்களுக்கு நெடுந்தூர ஓட்டமே தராத காலம் அது. ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் 1964 தோக்கியோவில்தான் முதன்முதலாக வந்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் நம் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். அந்த ஆண்டின் சிறந்த தேசிய விளையாட்டு வீராங்கனை விருது அவருக்கும், வீரர் விருது ஜெகதீசனுக்கும் கிடைத்தன. அச்செய்தி வந்த நாளில் எங்கள் பள்ளித் திடலில் பெண் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே ஒரு முழுச் சுற்று ஓடிப் பார்த்தோம். எனக்கு மூன்றாம் வளைவில் மூச்சு அடைத்தது, ஆனாலும் நிற்கவில்லை.

உங்கள் தந்தையின் வரிக்காகப் பேசும்போது, பெண்களின் வரிகளுக்காகவும் பேசுங்கள். பழைய பலகையிலிருந்து மட்டும் படியெடுத்தால் எங்களைப் போன்றவர்கள் மீண்டும் விடுபட்டுப் போவோம். ஆண்டு மலர்களைத் தேடினால்தான் கிடைப்போம்.

பதில் 6: பழைய தாள், பிரிக்பீல்ட்ஸ்

ஆவணம் தேடுவதற்குச் சில வழிகள்.

ஆண்டு மலரே முதன்மையான சான்று. பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் போட்டி முடிவுகள் முழுமையாக இருக்கும். பள்ளி நூலகத்தில் இல்லையென்றால், அக்காலத்தில் அங்கே பணியாற்றிய ஆசிரியர்களின் வீடுகளில் கேளுங்கள். துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய நூலகத்திலும் பள்ளி மலர்கள் உண்டு. மாவட்ட, மாநில நிலைப் போட்டிகளுக்கு, சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்துள்ள பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களைப் பாருங்கள். மலாயாப் பள்ளிகளின் விளையாட்டு முடிவுகள் அவற்றில் வந்திருக்கின்றன.

தேடுவோர் பலர் தவறவிடும் செய்தி ஒன்று: கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1ஆம் நாள்தான் கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. அதற்கு முன் செந்தூல் மாணவர் மாநில நிலையில் ஓடியிருந்தால் அவர் சிலாங்கூர் அணிக்காகவே ஓடியிருப்பார். 'கோலாலம்பூர்' என்று தேடினால் அகப்படமாட்டார். 'சிலாங்கூர்ப் பள்ளிகள்' என்று தேடுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் அவரவர் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார்கள். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை நான் நான்கு எழுத்துக்கூட்டல்களில் கண்டிருக்கிறேன். தந்தையின் பெயரைவிடப் பள்ளியின் பழைய பெயரையும் போட்டியின் பெயரையும் சேர்த்துத் தேடுவதே பலன் தரும்.

கேள்வியாளர்: செந்தூல் மகள்

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று அனுமதி பெற்றுப் பொருளறைக்குச் சென்று, கைப்பேசியின் விளக்கை வைத்துக்கொண்டு பலகை முழுவதையும் படம் எடுத்தேன். ஆசிரியர் ஐயா சொன்னது உண்மை: 1969 வரையிலான எல்லா ஓட்டங்களிலும் புள்ளிக்குப் பின்னால் இரட்டைப்படை எண்களும் சுழியும்தான் இருக்கின்றன, ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லை. நூறு கெஜம் அம்மா கேட்டதையும் எண்ணினேன். ஆண்களுக்கு இருபத்தொரு வரிகள், பெண்களுக்கு ஏழு. பெண்களின் ஓட்டங்கள் 220 கெஜத்தோடு முடிந்துவிடுகின்றன.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். எந்தத் தடம் என்று கேட்டதும், உடனே, "இரண்டாவது தடம். முதல் தடத்தில் மழைநீர் தேங்கியிருந்ததால் அதை யாருக்கும் கொடுக்கவில்லை" என்றார். உள்தடம் இல்லை என்பதால் ஆசிரியர் ஐயாவின் ஐயம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் அவருடன் ஓடி இரண்டாவதாக வந்தவர் ஜிஞ்சாங்கில் இருக்கிறார் என்றும், அவரிடம் 1967ஆம் ஆண்டு மலர் இருக்கக்கூடும் என்றும் அப்பா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போய்ப் பார்க்கப் போகிறோம்.

குழுவிடம் நான் வைக்கப்போகும் வேண்டுகோள் இதுதான்: 1976 என்ற எல்லையை நீக்க வேண்டும், கெஜ ஓட்டங்களை ஓடியபடியே எழுதி மீட்டர் அளவைப் பக்கத்தில் குறிக்க வேண்டும், 100 கெஜத்துக்கும் ஒரு மைலுக்கும் தனி வரிகள் வேண்டும், பெண்களின் சாதனைகளை ஆண்டு மலர்களிலிருந்து திரட்டிச் சேர்க்கும்வரை அந்தப் பகுதியை எழுதி முடிக்கக் கூடாது. கெப்போங் ஐயா சொன்னது போல இன்றைய பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்பதால், ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என்று அடியில் ஒரு வரி எழுதச் சொல்வேன்.

செந்தூல், செத்தாபாக் வட்டாரப் பள்ளிகளில் 1960 முதல் 1975 வரை படித்த பெண்கள் யாரிடமாவது ஆண்டு மலர் இருந்தால், இந்த இழையிலேயே எழுதுங்கள். நான் வந்து படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவேன். நூறு கெஜம் அம்மா, உங்கள் பள்ளி எது என்று எனக்குத் தனிமடலில் சொன்னால், தேசிய நூலகத்துக்குப் போகும்போது அந்த மலர்களையும் கேட்டுப் பார்க்கிறேன்.